பந்தி விசாரிக்கப் புறப்படும் சபைகளுக்கு

பங்குத்தந்தையர், ஆயர்கள், பாஸ்டர்மார், சேகரக் கமிட்டியார், பங்குப் பேரவையார், மிஷன் சங்கச் செயலாளர்கள் அனைவருக்கும் தோத்திரம்.

கரையோர மாவட்டங்களில் நிவாரணப் பட்டியல் போடுவதும், கிடங்குச் சாவி வைத்திருப்பதும், விநியோக மேசையில் உட்காருவதும் எங்கள் வேலை. அந்த மேசைக்குப் பின்னாலிருந்து இதை எழுதுகிறோம்.

2004 சுனாமி கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிறு காலையில் வந்தது. ஒக்கி 2017 நவம்பர் கடைசியில். கஜா 2018 நவம்பர் 16 அன்று நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியது. நம் கரைக்குக் கேடு வருவது பெரும்பாலும் வீடு வீடாகக் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடிப் போகும் கீதபவனி சமயத்தில்தான். அதனால் கிறிஸ்துமஸுக்கு அச்சடித்த பேனரே நிவாரண லாரியிலும் ஏறிவிடுகிறது. கேக்கோடு கொடுக்க வைத்திருந்த கைப்பிரதிகள் அரிசிப் பைக்குள் போய்விடுகின்றன. இதில் சதி ஒன்றும் இல்லை, அவசரம்தான். ஆனால் வீடு போய், படகு போய், பிள்ளையைப் புதைத்துவிட்டு வரிசையில் நிற்கும் ஒருவர் அந்தப் பையைப் பிரிக்கும்போது, அரிசிக்கு மேலே கைப்பிரதி இருந்தால் அது விலைச்சீட்டு மாதிரிதான் தெரியும்.

நாங்கள் கேட்பது ஒன்றே. சோறும் பொருளும் கொடுக்கும் பந்தி விசாரிப்பையும் பிரசங்கத்தையும் பிரித்து வையுங்கள். ஒரே ஆள், ஒரே இடம், ஒரே நாள் இரண்டையும் செய்ய வேண்டாம்.

இது உங்கள் வேதத்திலேயே இருக்கிறது. அப்போஸ்தலர் நடபடிகள் ஆறாம் அதிகாரம். எருசலேம் சபையில் முறுமுறுப்பு கிளம்பியது உபதேசத்தை வைத்து அல்ல, பட்டியலை வைத்து. அன்றாடப் பந்தியில் கிரேக்கம் பேசும் விதவைகள் விடுபட்டுப் போனார்கள். அப்போஸ்தலர்கள் அந்த வேலையைத் தங்கள் கையிலிருந்து எடுத்து ஏழு பேரிடம் ஒப்படைத்தார்கள். ஏழு பெயரும் கிரேக்கப் பெயர்கள். அதாவது, யார் விடுபட்டார்களோ அவர்கள் பக்கத்து ஆட்களிடமே பட்டியலைக் கொடுத்தார்கள். நாங்கள் பார்த்தவரை பேரிடர் நிர்வாகத்தில் இதைவிட நல்ல யோசனை எந்தக் கையேட்டிலும் இல்லை. அந்த ஏழு பேரில் ஸ்தேவானும் பிலிப்பும் பிற்பாடு பிரசங்கிக்கவில்லையா என்று கேட்பீர்கள். பிரசங்கித்தார்கள். பந்தியில் வைத்து அல்ல.

இன்னொன்றும் உங்களுடையதுதான். பேரிடர் நிவாரணத்தில் ஈடுபடும் அமைப்புகளுக்கு 1994-இல் செஞ்சிலுவை இயக்கமும் தொண்டு அமைப்புகளும் சேர்ந்து ஒரு நடத்தை விதித்தொகுப்பு கொண்டுவந்தன. பத்து விதிகள். உதவியை எந்த அரசியல் நிலைப்பாட்டையோ மத நிலைப்பாட்டையோ வளர்ப்பதற்குப் பயன்படுத்தக் கூடாது என்பது மூன்றாவது விதி. அதை முன்மொழிந்தவர்களில் கத்தோலிக்கக் காரித்தாஸும், லுத்தரன் உலக சம்மேளனமும், உலகத் திருச்சபைகள் மன்றமும் உண்டு. ஆகவே இதை வெளியார் போட்ட கட்டுப்பாடு என்று யாரும் சொல்ல வேண்டாம்.

பட்டியலுக்கு வருவோம். மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் பெரிது.

சபைகளிடம் அரசிடமும் இல்லாத ஒன்று இருக்கிறது: குடும்பப் பதிவேடு. குமரி மாவட்டத்தில் ஒரு பங்கில் எத்தனை அன்பியம் (பக்கத்துப் பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்த சிறு குழு), எந்த அன்பியத்தில் எத்தனை குடும்பம், யார் எந்தப் படகில் தொழிலுக்குப் போகிறார் என்பது பங்கு அலுவலகத்துக்குத் தெரியும். ஒக்கியின்போது தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை பகுதிகளில் கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களை வீடு வீடாக விசாரித்துப் பங்குகள் எழுதிய பட்டியல், முதலில் அதிகாரிகள் சொன்ன எண்ணிக்கையைவிட உண்மைக்குப் பக்கத்தில் இருந்தது. உடல் கிடைக்காமல் இறப்புச் சான்றிதழ் இல்லை. காணாமல் போனவரை இறந்தவராகக் கருத சாட்சியச் சட்டப்படி ஏழு ஆண்டு காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பைத் தளர்த்தி நிவாரணம் வாங்க, கிளம்பிய நாள், படகின் பதிவெண், கூடப் போனவர்கள் பெயர் எல்லாம் எழுத்தில் வேண்டியிருந்தது. பதிவேடு வைத்திருந்த ஊர்கள் அதனால் தப்பின.

அதே பதிவேடு நாகைக் கரையிலோ கடலூர்க் கரையிலோ ஆபத்தானது. அங்கே மீனவர்களில் பெரும்பாலோர் இந்துக்கள். உங்கள் சபை ஊருக்குள் சிறுபான்மை. பதிவேட்டை வைத்துக் கொடுத்தால் உங்கள் ஆட்களுக்கு மட்டும் கொடுத்ததாகும். ஊர்ப் பஞ்சாயத்துப் பட்டியலை அப்படியே வாங்கினாலும் கோணல்தான். மீனவ ஊர்களில் வரி கட்டும் ஆண் தலைக்கட்டை வைத்தே குடும்பத்தை எண்ணுவது வழக்கம். விதவை, புருஷன் விட்டுப் போனவள், தனியே இருக்கும் கிழவி பட்டியலில் அரைக் கணக்கு, அல்லது கணக்கே இல்லை. கரைக்குப் பின்னால் இருக்கும் தலித் குடியிருப்பு அந்தப் பட்டியலுக்குள்ளேயே வராது. வலை இழுக்கவும், மீன் சுமக்கவும், வயலில் நடவுக்கும் போகிறவர்களுக்கு இழந்ததாகக் காட்டப் படகு கிடையாது. கூலி போனதற்கு ரசீது கிடையாது. சுனாமிக்குப் பிறகு இப்படித் தலித்துகளும் இருளர்களும் ஊர் ஊராக விடுபட்டது பல அறிக்கைகளில் பதிவாகியிருக்கிறது. இருளர் பலரிடம் ரேஷன் கார்டே இருக்கவில்லை. கார்டைக் காட்டு என்ற ஒரே கேள்வியில் அவர்கள் கதை முடிந்தது.

ஆகையால் முதல் நாள் பொருள் எதுவும் கொடுக்காதீர்கள். இரண்டு இரண்டு பேராக, அதில் ஒருவர் பெண்ணாக, வீடு வீடாகப் போய்க் கதவிலோ நின்றிருக்கும் சுவரிலோ சாக்கட்டியால் எண் போடுங்கள். வீடே இல்லாத இடத்தில் தங்கியிருக்கும் மரத்தடிக்கும் எண் உண்டு. நோட்டில் பெயர், ஆள் எண்ணிக்கை, கர்ப்பிணி, கைக்குழந்தை, மாற்றுத்திறனாளி, படுத்த படுக்கையான முதியவர். அடுப்பு எத்தனை என்று கேளுங்கள். ஒரே கூரையின் கீழ் மூன்று அடுப்பு இருந்தால் மூன்று குடும்பம். சாதி, மதம் இரண்டுக்கும் கட்டம் வேண்டாம். கட்டம் இருந்தால் யாராவது ஒருவர் நிரப்பிவிடுவார், நிரப்பிய பிறகு யாராவது ஒருவர் கூட்டிப் பார்ப்பார்.

இரண்டாம் நாள் பட்டியலை டீக்கடை முன்னாலோ ரேஷன் கடை முன்னாலோ உரக்க வாசியுங்கள். ஆலய மைக்கில் வாசிக்க வேண்டாம். விடுபட்டவர்கள் அங்கேயே கத்துவார்கள். கத்தட்டும், அதற்காகத்தான் வாசிப்பது. மாலையில் தலித் குடியிருப்பில் தனியாக இன்னொரு முறை வாசியுங்கள், ஏனென்றால் அவர்கள் டீக்கடை முன்னால் வந்து கத்த மாட்டார்கள். அதன் பிறகு டோக்கன். டோக்கனில் எண்ணும் தேதியும் போதும். சபையின் பெயரும் வசனமும் வேண்டாம். மூன்றாம் நாள் விநியோகம். ஒரு மேசையில் மணிக்கு ஐம்பது குடும்பத்துக்கு மேல் ஒழுங்காகப் பார்க்க முடியாது. நானூறு குடும்பம் என்றால் நான்கு மேசை போட்டு, டோக்கனில் நேரத்தையும் எழுதிக் கொடுத்துவிடுங்கள். எல்லாரையும் காலை எட்டு மணிக்கு வரச் சொன்னால் பதினொன்றுக்குத் தள்ளுமுள்ளு, பன்னிரண்டுக்குப் போலீஸ். முதியவர், கர்ப்பிணி டோக்கனுக்குப் பொருளை வீட்டிலேயே கொண்டு கொடுங்கள்.

மூன்று நாள் பசியில் இருப்பார்களே என்பீர்கள். அதற்குத்தான் பொதுச் சமையல். சமைத்த சோற்றுக்குப் பட்டியல் தேவையில்லை, வந்தவருக்கெல்லாம் போடலாம். நூறு பேருக்கு ஒரு வேளைக்கு 15 கிலோ அரிசி வையுங்கள். அந்த ஊரிலேயே, அந்த ஊர்ப் பெண்களையும் கூலி கொடுத்துச் சேர்த்துக்கொண்டு சமையுங்கள். நூறு கிலோமீட்டருக்கு அப்பால் சாம்பார் சாதம் கிளறிச் சூட்டோடு பிளாஸ்டிக் கவரில் கட்டி அனுப்பினால், வந்து சேரும்போது புளித்திருக்கும். அதைத் தின்று வயிற்றுப்போக்கு வந்தால் மருத்துவ முகாமும் நீங்களே நடத்த வேண்டியிருக்கும். அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால் புளிசாதமாக, ஆறவைத்து அனுப்புங்கள். சாப்பாட்டுக்கு முன் ஜெபத்தைச் சமையல்காரர்களும் தொண்டர்களும் அடுப்பங்கரையில் முடித்துக்கொள்ளலாம். தட்டை ஏந்தி நிற்கிறவரைக் கண்ணை மூடச் சொல்லாதீர்கள்.

உலர் பொருள் பையின் கணக்கு இது. ஆளுக்கு ஒரு நாளைக்கு 2,100 கலோரி என்பது உலகெங்கும் ஒப்புக்கொண்ட அளவு. அதில் பெரும்பகுதிக்கு, நான்கு பேர் குடும்பத்துக்குப் பதினைந்து நாளைக்கு அரிசி 24 கிலோ, பருப்பு மூன்றரை கிலோ, எண்ணெய் ஒன்றரை லிட்டர். இவற்றோடு உப்பு, புளி, மிளகாய்த்தூள், தீப்பெட்டி. நாம் வழக்கமாகக் கொடுக்கும் ஐந்து கிலோ பை மூன்று நாளில் தீர்ந்துவிடும். போட்டோ மட்டும் நிற்கும். அரிசி கொடுத்துவிட்டுப் பானை கொடுக்க மறப்பதும் உண்டு. வீட்டோடு பாத்திரமும் போயிருக்கும் என்பது, பாத்திரம் இருக்கிற வீட்டிலிருந்து யோசித்தால் தோன்றாது. ஒரு சோற்றுப் பானை, ஒரு குழம்புச் சட்டி, கரண்டி, இரண்டு குடம், மூடியுள்ள வாளி, மக், இரண்டு பாய், டார்ச். தார்ப்பாய் 4 மீட்டருக்கு 6 மீட்டர், ஓரத்தில் வளையம் வைத்தது, 200 ஜிஎஸ்எம்முக்கு (சதுர மீட்டருக்கு 200 கிராம் எடை) குறையாதது, கூடவே கயிறு. மலிவான மெல்லிய நீலப் பாய் ஒரு காற்றுக்குக் கிழியும். துணி என்றால் புதிது: நைட்டி, கைலி, துண்டு, அளவு பார்த்த உள்ளாடை, சானிட்டரி நாப்கின்.

பழைய துணி வேண்டவே வேண்டாம். 2005 தொடக்கத்தில் நாகை சாலையோரங்களில் மழையில் நனைந்து குவிந்து கிடந்த பழந்துணியைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். மீனவ மக்கள் அன்றாடம் காசு பார்க்கிறவர்கள். அடுத்தவர் உடுத்திக் கழித்ததை உடுத்துவது அவர்களுக்கு இழிவு. தொடவில்லை. அதை அள்ளி அப்புறப்படுத்தவும் ஆளும் லாரியும் செலவழிந்தன. சபையார் மனம் நோகக் கூடாதென்று செயலாளர்கள் பழந்துணியை மறுக்கத் தயங்குகிறார்கள். ஞாயிறு ஆராதனை அறிவிப்பிலேயே சொல்லிவிடுங்கள்: துணிக்குப் பதில் காணிக்கை.

தண்ணீருக்குக் குறைந்தது ஆளுக்கு நாளைக்கு 15 லிட்டர். டேங்கர் நீரானாலும் குளோரின் பார்க்காமல் கொடுக்காதீர்கள். 33 சதவீதம் குளோரின் உள்ள நல்ல பிளீச்சிங் பவுடர் என்றால், தெளிந்த நீர் 1,000 லிட்டருக்கு 6 கிராம். மூட்டை பழையதானால் 8 முதல் 10 கிராம். நேராகத் தொட்டியில் கொட்டாமல், ஒரு பிளாஸ்டிக் வாளியில் கரைத்துத் தெளியவிட்டு, மேலே நிற்கும் தெளிநீரை மட்டும் ஊற்றுங்கள். அரை மணி நேரம் கழித்துக் குளோரின் அளவு காட்டும் குளோரோஸ்கோப்பில் பார்த்தால் குழாய் முனையில் லிட்டருக்கு 0.2 முதல் 0.5 மில்லிகிராம் இருக்க வேண்டும். கலங்கல் நீரில் பவுடர் எவ்வளவு போட்டாலும் சேறே குளோரினைத் தின்றுவிடும். முதலில் தெளியவைக்க வேண்டும்.

கடல்நீர் ஏறிய கிணற்றை டீசல் மோட்டார் வைத்து நாள்கணக்காக இறைக்காதீர்கள். கரையோர மணலில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மெல்லிய ஏடாக மிதக்கிறது. வேகமாக இறைத்தால் கீழே உள்ள உப்பு மேலே ஏறும். 2005-இல் இலங்கையின் கிழக்குக் கரையில், மட்டக்களப்புப் பக்கம், நல்லெண்ணத்தோடு வந்தவர்கள் இறைத்து இறைத்துக் கிணறுகளைக் கெடுத்தார்கள். சேற்றை அள்ள ஓரிரு முறை மெதுவாக இறைத்தால் போதும். மிச்சத்தை மழை பார்த்துக்கொள்ளும்.

இனி ஆலய மண்டபம். அறுபதடிக்கு முப்பதடி மண்டபம் 1,800 சதுர அடி. ஆளுக்கு 3.5 சதுர மீட்டர் என்ற அளவில் 48 பேர்தான் கணக்கு. புயல் இரவில் இருநூறு பேர் இருப்பார்கள், அதைத் தவிர்க்க முடியாது. நான்காம் நாளும் இருநூறு பேர் இருந்தால் பக்கத்துப் பள்ளியையும் கேட்டு வாங்குங்கள். கழிவறை இருபது பேருக்கு ஒன்று. பெண்களுக்கு மூன்று, ஆண்களுக்கு ஒன்று என்ற விகிதம். உள்தாழ்ப்பாள் இருக்கிறதா, வழியில் விளக்கு எரிகிறதா என்பதை இரவு ஒன்பது மணிக்கு ஒரு பெண் நடந்து பார்த்துச் சொல்லட்டும். ஆராதனை நடக்கும் இடத்திலேயே தங்கவைக்க நேர்ந்தால் பீடத்தைத் திரைபோட்டு மறைத்துவிட்டு, வழிபாட்டை வேறிடத்தில் நடத்துங்கள். படுத்திருப்பவர் தலைமாட்டில் கீபோர்டு வாசித்தால், அவர் பாடலுக்கு எழுந்து உட்காருவார். விசுவாசத்தால் அல்ல, போக இடமில்லாததால்.

பிரசங்கத்தைப் பிரிக்கச் சொன்னோம். அது எப்படி என்பதில்தான் நல்ல மனிதர்களும் தடுமாறுகிறார்கள்.

பையில் கைப்பிரதி, புதிய ஏற்பாடு, வசன ஸ்டிக்கர் வேண்டாம். முகாமில் இரவில் இயேசு படம் திரையிட வேண்டாம். குழந்தைகளுக்கு விளையாட்டு நடத்துங்கள், விடுமுறை வேதாகமப் பள்ளி நடத்த வேண்டாம். வாங்கியவர் பேனருக்குக் கீழே பையைப் பிடித்து நிற்கும் போட்டோ வேண்டாம். நன்கொடையாளருக்குக் கணக்குக் காட்ட இருப்புப் பதிவேடும் கையொப்பமிட்ட டோக்கன் கட்டும் போதும். ஜெபக் குறிப்புகளில் அந்த ஊரை, மதம் மாற்ற வாய்ப்பான இடம் என்ற பொருளில், ‘திறந்த வாசல்’ என்றும் ‘அறுவடை’ என்றும் எழுதாதீர்கள். உங்களுக்குள் எழுதிக்கொண்டதுதான், ஆனால் வாட்ஸ்அப்பில் அது அந்த ஊருக்கே வந்து சேரும். பிறகு உங்கள் நர்ஸ் போடும் ஊசியைக்கூடச் சந்தேகமாகப் பார்ப்பார்கள். உங்களுக்கு முன்பே பல தலைமுறையாக அந்த ஊரில் இருக்கும் சின்னச் சபைதான் அதன் விலையைக் கொடுக்கும்.

யாராவது அவராகவே ‘எனக்காக ஜெபம் பண்ணுங்க’ என்று கேட்டால் ஜெபியுங்கள். மேசையில் இருப்பவர் அல்ல, வேறொருவர், வேறிடத்தில், மெதுவாக. பெயரைக் குறித்துக்கொள்ள வேண்டாம். ‘பாவத்துக்கு வந்த தண்டனை’, ‘உங்களைக் காப்பாத்தினதுக்கு ஒரு நோக்கம் இருக்கு’ போன்ற வாக்கியங்களைத் தொண்டர் பயிற்சியிலேயே தடைசெய்யுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் காப்பாற்றாததற்கு என்ன நோக்கம் என்று அவர் திருப்பிக் கேட்டால் உங்களிடம் பதில் இல்லை. இறந்தவருக்குப் பதினாறாம் நாள் காரியம் செய்ய இந்துக் குடும்பத்துக்கு அரிசியும் காய்கறியும் செலவுக்குப் பணமும் தேவைப்படும். கொடுங்கள். முஸ்லிம் வீட்டு நாற்பதாம் நாளுக்கும் கொடுங்கள். அது உங்கள் விசுவாசத்தைச் சமரசம் செய்வதாகாது. துக்க வீட்டுக்குச் சோறு கொண்டு போவது நம் ஊரில் எல்லாச் சாதிக்கும் மதத்துக்கும் பொது.

யாராவது ஞானஸ்நானம் கேட்டால்? கேட்பார்கள், உண்மையாகவே கேட்பவரும் உண்டு. எங்கள் யோசனை: அந்த ஊரில் உங்கள் கடைசி விநியோகப் பட்டியலை மூடி ஓராண்டு கழியட்டும். அதுவரை வருவதற்கும் கேட்பதற்கும் தடையில்லை, சடங்கு மட்டும் காத்திருக்கட்டும். பல சபைகளில் ஆயத்த வகுப்பே ஓராண்டு நடக்கும். ஆகவே இது அந்நியமான யோசனை அல்ல. கேட்பவர் தலித் என்றால் சட்டத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள். 1950-ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணைப்படி இந்து, சீக்கியர், பௌத்தர் மட்டுமே பட்டியல் சாதியினர். கிறிஸ்தவரான ஆதிதிராவிடர் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போய்விடுகிறார். பிள்ளைகளுக்குப் படிப்பிலும் வேலையிலும் எஸ்.சி. இடஒதுக்கீடு, தனித்தொகுதியில் நிற்கும் உரிமை, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பு எல்லாம் கேள்விக்குள்ளாகும். 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவர் எஸ்.சி. சான்றிதழ் கேட்ட வழக்கில், ஞானஸ்நானப் பதிவையும் சாட்சியமாக எடுத்துக்கொண்டு, சான்றிதழ் மறுக்கப்பட்டது சரி என்றே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இந்த ஆணை அநியாயம் என்று நீங்கள் நினைக்கலாம், நாங்களும் அப்படித்தான் நினைக்கிறோம். ஆனால் அது அமலில் இருக்கும்வரை, எல்லாம் இழந்து நிற்கும் குடும்பம் மிச்சமிருந்த ஒரு சான்றிதழையும் என்னவென்று தெரியாமலே இழக்க நீங்கள் காரணமாகக் கூடாது.

குழந்தைகள் விஷயத்தில் தயவு தாட்சண்யமே வேண்டாம். தனியே நிற்கும் பிள்ளையை உங்கள் விடுதிக்கு அழைத்துப் போகாதீர்கள். குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள், 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன் நிறுத்த வேண்டும் என்பது இளைஞர் நீதிச் சட்டம். 2005 ஜனவரியில் அமெரிக்க மிஷன் குழு ஒன்று ஆச்சேயில் அநாதையான முந்நூறு முஸ்லிம் பிள்ளைகளை ஜகார்த்தாவில் கிறிஸ்தவ இல்லத்தில் சேர்க்கப் போவதாக அறிவித்து, இந்தோனேசியா தடுத்துவிட்டது. ஹைத்தியில் 2010 நிலநடுக்கத்துக்குப் பின் பத்து அமெரிக்க பாப்டிஸ்டுகள் 33 பிள்ளைகளோடு எல்லையில் பிடிபட்டார்கள். விசாரித்தால் பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பெற்றோர் உயிரோடு இருந்தார்கள். தமிழ்நாடு அரசு சுனாமிக்குப் பின் வெளியார் பிள்ளைகளை எடுத்துச் செல்வதைத் தடுத்து, நாகை, கடலூர், குமரியில் தானே இல்லங்கள் திறந்தது சரியான காரியம். அப்பா இல்லை, அம்மா இருக்கிறாள் என்றால் பிள்ளையைப் பிரிக்காமல் அம்மாவுக்கு மாதா மாதம் பணம் கொடுங்கள். விடுதிச் செலவைவிடக் குறைவு.

படகு கொடுக்கும் ஆசை எல்லாச் சபைக்கும் வரும். படகு போட்டோவில் நன்றாக இருக்கும், பெயர் எழுத இடமும் உண்டு. சுனாமிக்குப் பின் நடந்ததைப் பாருங்கள். கட்டுமரம் இழந்தவருக்கும், முன்னே பின்னே படகே இல்லாதவருக்கும் ஃபைபர் படகுகள் வந்து இறங்கின. அவசர அவசரமாக முளைத்த பட்டறைகளில் செய்த சிலவற்றின் ஓடு மெல்லிசு. சில பருவம்கூடத் தாங்கவில்லை. இன்ஜின் உண்டு, வலை இல்லை; வலை உண்டு, அந்தக் கரையின் மீனுக்கு ஏற்ற கண்ணளவு இல்லை. படகு பெருகியதே தவிர மீன் பெருகவில்லை. எல்லாரும் முதலாளியானதும் கூடப் போக ஆள் கிடைக்கவில்லை. டீசலுக்குக் கடன், அந்தக் கடனுக்கு வியாபாரியிடம் மீனை அடிமாட்டு விலைக்குக் கொடுக்கும் கட்டாயம். ஆகவே முதலில் பழுதுபார்ப்பு, அடுத்து வலை, எல்லாவற்றுக்கும் கடைசியில் படகு. அதுவும் மீன்வளத் துறையிடமும் ஊர்ச் சங்கத்திடமும் பழைய பதிவெண்ணைச் சரிபார்த்த பிறகு.

மீன் விற்கும் பெண்களைப் பெரும்பாலும் எல்லாரும் மறந்தார்கள். அவர்களுக்குத் தேவை அலுமினிய அன்னக்கூடை, ஐஸ் பெட்டி, தராசு, காலையில் ஏலம் எடுக்கக் கையில் கொஞ்சம் முதல். அந்த முதல் இல்லாமல்தான் கந்துவட்டிக்காரர் உள்ளே வருகிறார். ஒரு படகின் விலையில் ஒரு ஊர்ப் பெண்கள் அத்தனை பேரையும் மறுபடி சந்தைக்கு அனுப்பிவிடலாம்.

வீடு கட்டுவது பெரிய சபைகளுக்கு மட்டும். கலெக்டரோடு ஒப்பந்தம் போட்டுத்தான் செய்ய முடியும். பட்டா புருஷன் பெஞ்சாதி இருவர் பேரிலும் இருக்கட்டும். குடியிருப்பு வாசலில் சபைப் பெயரில் வளைவும் உள்ளே ஜெபக்கூடமும் வேண்டாம். தற்காலிகக் கொட்டகைக்குத் தார் ஷீட் போடாதீர்கள். சித்திரை வெயிலில் அது அடுப்பு, பொறி பட்டால் எரியும். சென்னை கார்கில் நகரில் 2005-இல் எரிந்தது.

பணத்தில் மூன்று எச்சரிக்கை. வெளிநாட்டு நண்பர் அனுப்புவதைப் பாஸ்டர் தன் சொந்தக் கணக்கில் வாங்குவது எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) குற்றம். 2020 திருத்தத்துக்குப் பின் பதிவு பெற்ற சங்கமும் புதுதில்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளைக் கணக்கில்தான் வாங்க வேண்டும், இன்னொரு அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கவும் முடியாது. அதாவது மறைமாவட்டம் வாங்கி உள்ளூர்ச் சபைக்குப் பிரித்துக் கொடுக்கும் பழைய வழி அடைபட்டது. நேரடியாகச் செலவு செய்து பில் வைக்க வேண்டும். டூரிஸ்ட் விசாவில் வந்த வெளிநாட்டு விருந்தினரை முகாமில் பேச வைக்காதீர்கள்; மிஷனரி வேலைக்கு அந்த விசா செல்லாது. அவர் விமானம் ஏறிவிடுவார், விசாரணைக்கு நிற்பது உள்ளூர் ஊழியர்.

எவ்வளவு நாள் இருப்பது? நல்ல சமாரியன் கதையில் பலர் கவனிக்காத இடம் சத்திரக்காரன். சமாரியன் அடிபட்டவனைச் சத்திரத்தில் சேர்த்து, முன்பணம் கொடுத்து, மேற்கொண்டு செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான். உள்ளூரில் பார்த்துக்கொள்ள ஆள், கையில் ரொக்கம், திரும்பி வரும் தேதி: நிவாரணத் திட்டம் இவ்வளவுதான். முதல் வாரம் எல்லா லாரியும் வரும். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடை வரும்போது ஒரு லாரியும் இருக்காது; அந்த ஆண்டு அந்தத் தடைக்காலம்தான் அடகுக்கடைக் காலம். திரட்டிய காணிக்கையில் பாதியை அதற்கு ஒதுக்கி வையுங்கள்.

இந்த மடலை ஆவணி, புரட்டாசிக் கமிட்டிக் கூட்டத்தில் வாசிக்க முடிந்தால் நல்லது. அந்தக் கூட்டத்திலேயே ஏழு பேரைத் தேர்ந்து பெயரைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். அதில் மூன்று பேராவது பெண்கள், இரண்டு பேராவது உங்கள் சபையைச் சேராதவர்கள், ஒருவராவது கரைக்குப் பின்னால் இருக்கும் குடியிருப்பைச் சேர்ந்தவர். பிரசங்கியார் யாரும் அதில் வேண்டாம். தார்ப்பாய், குடம், கயிறு இப்போதே வாங்கி அடுக்கலாம். பிளீச்சிங் பவுடரை மட்டும் இப்போது வாங்காதீர்கள். ஈரக்காற்றில் இரண்டு மாதத்தில் வீரியம் போய்விடும். ஐப்பசி பிறந்ததும், மூட்டையில் தயாரிப்பு மாதம் பார்த்து வாங்குங்கள்.

இப்படிக்கு,
விநியோக மேசைக்காரர்கள்